வைவாவுக்கு வாய் பழக்குபவர்

“இந்த வாய்ல ‘தெரியாது’ன்னு ஒரு வார்த்தை வந்ததா சரித்திரமே கிடையாதுங்க” என்று சொல்லிக்கொண்டே ரவூப் சார் கோட்டை மாட்டுகிறார். கள்ளக்குறிச்சியின் மே மாதத்தில், தகரக் கூரை போட்ட மாடி அறையில், மேல் பொத்தான் வரைக்கும். வைவா என்கிற முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கோட்டுப் போட்டிருப்பார் என்பது அவர் கணிப்பு. கோட்டைக் கண்டு மிரளாதவன் கேள்வியைக் கண்டும் மிரளமாட்டான் என்பது அவர் தத்துவம்.

கீழே அண்ணன் ஜான் பாஷாவின் ஜவுளிக்கடை. மேலே தம்பியின் பயிற்சி மையம். வணிகவியலில் முனைவரான ரவூப் சார், பட்டம் வாங்கித் தராத உத்தியோகத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்: போலித் தேர்வாளராக உட்கார்ந்து ஆராய்ச்சி மாணவர்களை வறுத்தெடுப்பது. ஆய்வேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். டீயைச் சத்தமாக உறிஞ்சுவார். பதில் பாதியில் இருக்கையில் கண்ணை மூடிக்கொள்வார். “தூங்கற மாதிரிதான் இருப்பாங்க, நம்பிடாத. காது மட்டும் முழிச்சிக்கினு இருக்கும்.”

பதில் தெரியாத கேள்விக்கு அவரிடம் ஒரே மருந்து: “அது என் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது, ஐயா.” தலையை லேசாகச் சாய்த்து, வருத்தம் தொனிக்கச் சொல்லவேண்டும். வாய் வலிக்கச் சொல்லவைப்பார். இதில் ஊறிப்போன மாணவன் இளவரசன், “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று தேர்வாளர் பரிவோடு விசாரித்ததற்கும் இதையே சொன்னான். பட்டம் கிடைத்துவிட்டது. “பாத்தீங்களா பவர!” என்கிறார் ரவூப் சார்.

போன வாரம் நான் அங்கிருந்தபோது வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சுபஸ்ரீ வந்திருந்தாள். மலையில் சாமை விதைப்பது எல்லா ஊரிலும் குறைந்துவிட்டது என்பது அவள் ஆய்வின் முடிவு. கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னவள், கடைசியில் தயங்கினாள்.

“எங்க ஊர்ல மட்டும் சாமை ஜாஸ்தியாயிருக்கு சார். முடிவு இடிக்குதுன்னு கைடு அந்த ஊரையே எடுத்துடச் சொல்லிட்டாரு. எடுத்துட்டேன்.”

“அதனால இன்னா? எவன் கண்டான்?”

“வைவாவுக்கு யாரு வேணா வரலாம், கேள்வி கேக்கலாம்தானே? ஊரே ஜீப் புடிச்சி வருது சார். எங்கம்மா மொத வரிசைல வந்து குந்தும். தேர்வாளர் எதிர்லயே கேட்டுச்சின்னா, இத்தினி வருஷமும் போச்சு.”

“கேக்கட்டும். அது என் ஆய்வின் எல்லைக்கு...”

“எங்கம்மாகிட்டயா சார்?”

ரவூப் சார் அசரவில்லை. “நீ உங்கம்மாவா இரு. நான் சுபஸ்ரீ. எப்படிச் சமாளிக்கிறேன், பாரு” என்று கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாணவர் பெஞ்சுக்கு இடம் மாறினார்.

சுபஸ்ரீ துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஏன்டி, வூடு வூடா குந்திக்கினு, கூழ வாங்கிக் குடிச்சிட்டு, துருவித் துருவிக் கேட்டுக்கினு போனியே. இதுல எங்கடி நம்ம ஊரு?”

ரவூப் சார் தலையைச் சாய்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் சாய்த்துப் பார்த்தார். படிக்கட்டில் முறைக்குக் காத்திருந்த மாணவர்கள், பதிலைக் கேட்கும் ஆவலில் வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“தெரியலம்மா” என்றார். பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.