சனிக்கிரகத்தான் குடியிருந்த கிணறு

கிணறு இறைத்த அன்று வந்திருந்தவர்கள்: மாப்பிள்ளையின் தாய், கலியாணத் தரகர், வாடகைக்கு வோட்டர் பம்ப் கொண்டுவந்தவர், ஐயா, நான். அம்மா அடுப்படியில் வைரவருக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி வெளியே வரக்கூடாது என்பதால் யன்னலுக்குப் பின்னால் நின்றாள். அவளும் வந்ததாகத்தான் அர்த்தம். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாப்பிள்ளை, கொடிகாமத்தில் வெங்காயக் கடையைப் போட்டுவிட்டு வர முடியவில்லையாம். மற்றவர் சனிக்கிரகத்திலிருந்து வந்தவர். அவரைத் தேடித்தான் கிணற்றை இறைத்தோம்.

அவரைக் கிணற்றில் இறக்கியவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நல்லூரில் ஒரு ரியூட்டரியில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டு, ஒரு சிறு வாரப் பத்திரிகைக்குப் பேய்க்கதையும் விஞ்ஞானக் கதையும் எழுதி வந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான். ஐயாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். மகன் எழுதுவது அச்சில் வருகிறது என்பதில் அவருக்குப் பெருமைதான். என்ன எழுதுகிறான் என்பதில்தான் குழப்பம்.

“பேயெண்டால் பேயெண்டு எழுது. கிரகமெண்டால் கிரகமெண்டு எழுது. ரெண்டையும் ஏன்ரா கலக்கிறாய்?” என்பார்.

நான் மிகுந்த சிரத்தையோடு எழுதுகிறவன். சனியின் குளிர், அதன் தூரம் எல்லாம் கணக்குப் பார்த்து, ஐந்து கண்ணும் வழுவழுத்த உடம்பும் கொண்ட ஒரு பிராணியை உண்டாக்கி, அதோடு சிநேகமாக ஒரு பள்ளிக்கூடப் பெட்டையையும் வைத்துத் தொடர்கதை தொடங்கினேன். அப்படிப்பட்டது இங்கே வந்தால் எங்கே தங்கும்? குளிர்ந்த, இருண்ட, ஈரமான இடத்தில். ஆகவே கிணறு. எனக்கு நன்றாகத் தெரிந்த கிணறு எங்கள் வீட்டோடு ஒட்டிய புகையிலைத் தோட்டத்துக் கிணறுதான். தெற்குப் பக்கம் கட்டு உடைந்திருக்கும். பூவரசு ஒன்று உள்ளே எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து நிற்கும். எதையும் மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் பயம் கூடும் என்பது என் கொள்கை.

யுத்தம். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குக் கடதாசி வராத காலம். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், நீலக் கோடுகளுக்கு மேலேயே பத்திரிகை அச்சாகும். என் கதை எப்போதும் இரண்டு வரி கூடிவிடும். அச்சக முதலாளி வெட்டுவதற்கு லேசான இடம் கடைசி வரி. கடைசி வரி ‘யாவும் கற்பனை’.

“உது ஆருக்குத் தெரியாது, மாஸ்டர்?” என்றார் முதலாளி.

மாப்பிள்ளையின் தாய்க்குத் தெரியவில்லை.

தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுப்பது அந்தத் தோட்டத்தையும் கிணற்றையும்தான். ரொக்கம் கேட்காமல் காணியோடு திருப்திப்பட்ட ஒரே இடம் இது. தங்கச்சி மாப்பிள்ளையின் படத்தைத் தையல் பெட்டிக்குள் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். தரகரோடு காணி பார்க்க வந்த தாயிடம் ஐயா நெஞ்சை நிமிர்த்தி, “எந்தக் கோடைக்கும் வத்தாத கிணறு, பாருங்கோ” என்றார்.

அவர் பார்த்தார். பூவரசைப் பார்த்தார். உடைந்த கட்டைப் பார்த்தார். பிறகு பின்னுக்கு நகர்ந்தார்.

“இது அந்தக் கிணறெல்லே!”

“எந்தக் கிணறு?” என்றார் ஐயா.

“சனியாலை வந்தது கிடக்கிற கிணறு. ஒரு கிழமை விடாமல் வாசிக்கிறனான்.”

நான் முன்னே போனேன். “அம்மா, அதை எழுதுறது நான்தான். முழுக்கப் பொய்.”

“நீரோ?” அவர் முகத்தில் ஒரு கணம் மரியாதை வந்தது. அடுத்த கணம் பயம் இரட்டித்தது. “அப்ப உம்மடை கிணத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு உமக்குத்தானே தெரியும்!”

“கற்பனையம்மா அது.”

“கற்பனையெண்டு ஒரு இடத்திலையும் போடேல்லையே, தம்பி. மற்றக் கதையளுக்குப் போட்டுக் கிடக்கு. நான் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற ஆள்.” பிறகு தரகரைப் பார்த்துத் திரும்பினார். “என்ரை பிள்ளைக்கு இப்பதான் ஏழரைச் சனி முடிஞ்சது. திருப்பியும் சனியாலை வந்த ஒண்டு கிடக்கிற தண்ணியிலை அவன் குளிக்கிறதே?”

தரகருக்குத் தன் பங்கு போய்விடும் என்ற கவலை. “கிணத்தை இறைச்சு அடியைக் காட்டுவம். வைரவருக்கு ஒரு வடைமாலையும் சாத்துவம். என்ன சொல்லுறியள்?” என்று ஒரே மூச்சில் முடித்தார். தாய் ஒத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு தங்கச்சி என்னிடம் வந்தாள். “அண்ணை, இந்தக் கலியாணம் குழம்பினால் என்னை அந்த அஞ்சு கண்ணனுக்கே கட்டிக் குடுங்கோ. அவனாவது சீதனம் கேக்கமாட்டான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

இப்படித்தான் போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் தேடி வாங்கிக் கிணறு இறைத்தோம். சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்ததும் பம்ப் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பம்ப் சத்தத்தில் குண்டு போட வரும் பிளேன் சத்தம் கேட்காது என்பதால் வானத்தைப் பார்க்கும் வேலை தரகருக்கு. அவர் கழுத்தை நிமிர்த்தி நின்றார். மாப்பிள்ளையின் தாய் கழுத்தைக் குனித்து நின்றார்.

ஓரளவுக்குப் பிறகு தண்ணீர் இறங்க மறுத்தது. ஊற்று அடித்துக்கொண்டே இருந்தது.

“இது வத்தாது போல கிடக்கே,” என்றார் தாய்.

“வத்துறதோ! வத்தினால் இது என்ரை கிணறோ?” என்று ஐயா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். யன்னலுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். ஐயா உடனே குரலைத் தணித்து, “வத்தும், வத்தும். இன்னுமொரு போத்தல் விட்டால் வத்தும்,” என்றார்.

அடுத்த போத்தல் முடிவதற்குள் கிணற்றின் அடி தெரிந்தது. பம்ப்காரர் கயிற்றில் இறங்கிச் சேற்றைக் கிளறினார். ஓர் அலுமினிய வாளி, அம்மாவின் பழைய செம்பு. “வேறை ஒண்டுமில்லை!” என்று கீழிருந்து கத்தினார்.

நாங்கள் மூச்சு விட்டோம். மாப்பிள்ளையின் தாய் விடவில்லை.

“அப்ப அது எங்கை போட்டுது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்க்க வேண்டிய தரகரும் பார்த்தார். என் திட்டப்படி அது அடுத்த கிழமை கொடிகாமம் சந்தைக்குள் நுழைய வேண்டும். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே ஒரு நல்ல காட்சிகூட எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறக்கும்போதே மாப்பிள்ளையின் கடை ஞாபகம் வந்தது.

“அது... சனிக்கே திரும்பிப் போட்டுது, அம்மா.”

“அதோடை சிநேகமாயிருந்த பெட்டை?”

“அவள் போகேல்லை. இங்கையே இருந்து படிக்கிறாள்.”

“பாவம்,” என்றார். அந்தப் பாவம் யாருக்கு என்று விளங்கவில்லை. பிறகு உறுதியாகச் சொன்னார்: “அச்சிலை வரட்டும். வாசிச்சுப்போட்டுத்தான் நாள் வைக்கிறது.”

அச்சக முதலாளி பாய்ந்தார். “முடிக்கிறதோ? உதுக்காகத்தானே சனம் வாங்குது! முடிக்கிறதெண்டால் இதழுக்கு ஒரு தாள் கூடுதலாய்த் தேவை. தாளுக்கு எங்கை போறது?”

என்னோடு வந்திருந்த ஐயா சைக்கிளை எடுத்தார். கடை கடையாக ஏறிக் கொப்பிகள் வாங்கிக்கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார். “மகளின்ரை அலுவல்,” என்று மட்டும் சொன்னார். முதலாளி கொப்பிகளின் மட்டையைக் கிழிக்கத் தொடங்கினார். நான் அங்கேயே குந்தியிருந்து, அந்தப் பிராணியை ஒரு மழை நாளில் வானத்துக்கு ஏற்றிவிட்டேன். ஐந்து கண்ணாலும் அழுதது.

இதழ் வந்த மறுநாள் தரகர் வந்தார். ஆவணியில் நாள் வைத்தாகிவிட்டது. யன்னலுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது. தையல் பெட்டியாக இருக்கும். தரகர் என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளையின்ரை தாய் உமக்கும் ஒண்டு சொல்லிவிட்டவ, தம்பி. முடிவு அவசரப்பட்டுப் போச்சாம்,” என்றார்.

மண்ணெண்ணெய், சொட்டுப் பெற்றோல், பம்ப் வாடகை, வடைமாலை, கொப்பிகள் எல்லாமாக எங்களுக்குச் செலவானது இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.