பேச்சுக்கு அளவில்லாத பிளான்

“பழைய பிளானையே போடவாண்ணே, இல்ல நெட்டோட மாத்திரவா?”

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் என்னிடம் இதைத்தான் கேட்பாள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். “பேச மட்டும் செஞ்சாப் போதும்மா.”

“பேச்சுக்கு இதுல அளவே இல்லண்ணே, நாள் பூராப் பேசலாம். ஆனா ஒரு போட்டோ வராது, பாத்துக்கங்க.”

வராவிட்டால் போகட்டும். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். சுற்றுவட்டத்தில் எந்தத் தோப்பில் மோட்டார் எரிந்தாலும் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கையில் எப்போதும் வார்னிஷும் கிரீஸும் அப்பியிருக்கும். இந்தக் கையால் டச் போனைத் தொட்டால் அது என்னத்துக்கு ஆகும்? பட்டன் போன்தான் எனக்குத் தோது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை, மீதி வீம்பு.

எங்கள் சொந்தக்காரர்கள் டச் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். கல்யாணம், சடங்கு, கேதம் என்று நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் வரும். பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, அழைத்தாயிற்று என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, புருசனும் பெண்டாட்டியுமாக வாசலில் வந்து நின்று கூப்பிடுகிற மண் இது. நான் போய்ப் போனை மாற்றினால் அந்த மரியாதைக்கு நானே குழி வெட்டினது போல ஆகும் என்று நினைத்தேன். போன் மாற்றாதவரை என்னை நேரில் வந்துதானே கூப்பிட்டாக வேண்டும்! என் கெட்டிக்காரத்தனம் அப்படி.

எனக்கு ஒரே தங்கை. திருமயத்தில் கட்டிக்கொடுத்தோம். அவள் புருசன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி எட்டு வருசம் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறி இறங்கி ஒரு பெண் குழந்தை பிறந்தது. என்னை அது ‘மோட்டார் மாமா’ என்றுதான் கூப்பிடும். எனக்குக் கடை என்று ஒன்று அமைந்தபோது முதல் பஸ் பிடித்து வந்து பால் காய்ச்சியவள் என் தங்கை. அவள் வாங்கி வந்த குத்துவிளக்கில்தான் இன்றைக்கும் காலையில் திரி போடுகிறேன்.

அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஊரில் எத்தனை பணக்காரன் இருந்தாலும் அந்த மடி என் மடிதான். அதற்காகவே புதுக்கோட்டைக்குப் போய்த் தோடு எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். சின்னத் தோடு, நடுவில் ஒரு சிவப்புக் கல். எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் என் மனைவி சிரிப்பாள். “தேய்ஞ்சு போயிரப் போகுது, வைங்க உள்ள.”

கோயம்புத்தூரில் படிக்கிற என் மகள் ஒருநாள் போன் போட்டாள். “அப்பா, அத்தை குரூப்புல பத்திரிகை போட்டுருக்காங்க. வர்ற பதினெட்டாம் நாள் காதுகுத்து.”

“குரூப்புலயா? தாய்மாமனுக்கா?”

“எல்லாருக்கும் பொதுவாப் போட்டுருக்காங்கப்பா.”

“பொதுவாப் போட நான் என்ன பொதுக் கொழாயா? நேர்ல வரட்டும்.”

அன்று தொடங்கியது என் காத்திருப்பு. முதல் வாரம் நம்பிக்கையாக இருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்ப்பேன். என் மனைவி திரட்டுப்பால் கிண்டி வைத்தாள். வருகிறவர்களுக்கு வாயினிக்கக் கொடுக்க வேண்டுமே. நான்கு நாள் கழித்து அதை நாங்களே தின்றோம்.

“ஒரு போனைப் போட்டுக் கேட்டுருவோமேங்க. நம்ம புள்ளதானே,” என்றாள்.

“கூப்பிட்ட, தொலைச்சுப்புடுவேன். அவளுக்கு வாய் இல்லையா?”

“ஆமா, வீம்புக்குன்னே பொறந்த குடும்பம். அண்ணன் ஒரு மொளம்னா தங்கச்சி ஒன்றரை மொளம்.”

மறுவாரம் மகள் மறுபடி கூப்பிட்டாள். “அப்பா, அத்தை குரூப்புல வாய்ஸ் போட்டுருக்காங்க. ஒங்களப் பத்திதான். இந்தப் போன்ல வச்சுப் போட்டுக் காட்டவா?”

“வேணாம். ஊரு கேக்கப் பேசுறவ, எம் மூஞ்சிக்கு நேரா வந்து பேசட்டும்.”

“ஒரு நிமிசம் கேளுங்களேம்ப்பா...”

வைத்துவிட்டேன். என் பிளானில் பேச்சுக்கு அளவில்லை. என் தங்கை பிளானிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பதினெட்டு நாளும் அவள் எனக்குப் போன் போடவில்லை. நானும் போடவில்லை.

காதுகுத்து அன்று காலையில் எப்போதும் போலக் கடையைத் திறந்தேன். என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தோட்டை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். “எட்டரை பஸ் இருக்கு. கெளம்புங்க. தாய்மாமனுக்கு அழைப்பு எதுக்கு?”

“அழையாத வீட்டுல நொழைய நான் என்ன சோத்துக்குச் செத்தவனா?”

தோட்டை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். போகும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பார்த்தும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

எட்டரை பஸ் போனது. ஒன்பதேகால் பஸ்ஸும் போனது. ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதாக நடித்தேன். செம்புக் கம்பியை எண்ணிச் சுற்ற வேண்டும். மூன்று தடவை எண்ணிக்கை தவறியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. ‘என்னை யாராவது தேடினார்களா? அண்ணன் எங்கே என்று அவள் ஒரு வார்த்தை போட்டிருப்பாளோ?’ இதுதான் மண்டையில் ஓடியது. அங்கே போக மானம் விடவில்லை. எட்டிப் பார்க்க மட்டும் விட்டது.

கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் போட்டுவிட்டுப் போன, மூலையில் கீறல் விழுந்த டச் போனை எடுத்துக்கொண்டு ரீசார்ஜ் கடையில் போய் நின்றேன்.

“மாத்திரும்மா. நெட்டோட.”

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அட, மழை வரப் போகுது! சிம்மு பெருசா இருக்குண்ணே. வெட்டித்தான் போடணும். அப்புறம் பட்டன் போன்ல சரியா ஒக்காராது. பரவால்லையா?”

“வெட்டு.”

மகளுக்குப் போன் போட்டு என்னை அந்தக் குரூப்பில் சேர்க்கச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சேர்த்துவிட்டாள். திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது.

“எங்கம்மா எல்லாம்?”

“நீங்க இப்பத்தானேப்பா சேந்தீங்க. முன்னாடி பேசுனதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாது.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. மொட்டைத் தலையில் சந்தனம். கழுத்தில் ரோஜா மாலை. வாயைப் பிளந்து அழுகிறது குழந்தை. அது உட்கார்ந்திருந்தது என் சித்தப்பா மகனின் மடியில். அந்தப் பிள்ளைக்கு இதுவரை ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்திராதவன். காதில் யார் வாங்கியதோ ஒரு தோடு. ஓரத்தில் நின்ற என் தங்கை குழந்தையைப் பார்க்கவில்லை. மண்டப வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “பாத்தியா ஒங்க அத்தைய? ஆளை மாத்திப்புட்டா!” என்று நடுக்கடையில் நின்று மகளிடம் கத்தினேன்.

“அந்த வாய்ஸை அனுப்புறேன். கேட்டுட்டு அப்புறம் கத்துங்க,” என்று வைத்துவிட்டாள்.

வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

“எங்க அண்ணன்கிட்ட யாராச்சும் சொல்லுங்க. தட்டு வச்சுக் கூப்பிடணும்னா சோடியா வரணும். இவுக சிங்கப்பூருலேருந்து வர்றதே காதுகுத்துக்கு மொத நாளுதான். நான் ஒத்தையா வந்து நின்னா அது மொறையாகுமா? போன்ல கூப்பிட்டா, நேர்ல வரலையான்னு அண்ணன் எரிஞ்சு விழுவாக. அவுக கடை தெறப்புக்கு எனக்குப் பத்திரிகைய பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிட்டாக. நான் போகாமயா இருந்தேன்? மொத ஆளாப் போனேன்ல. அதே மாதிரி அவுகளும் வந்துருவாக. எம்புள்ள வேற யாரு மடியிலயும் ஒக்காராது.”

கண்டக்டர்! அடப்பாவி, மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு வேலை மும்முரத்தில், ‘நம்ம புள்ளதானே’ என்று ஒரு கவரைத் திருமயம் போகிற கண்டக்டர் கையில் திணித்துவிட்டு வந்தவன் நான். அவள் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. பால் காய்ச்சிவிட்டுப் போனாள். மரியாதையைப் பற்றி ஊருக்கெல்லாம் வியாக்கியானம் சொன்ன இந்த வாயில் வார்னிஷைத்தான் ஊற்ற வேண்டும்.

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டேன். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தமும், குழந்தை சிணுங்குவதும் கேட்டன.

“சொல்லுங்கண்ணே,” என்றாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தப்பு என்மேல்தான் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். சட்டைப் பையில் தோடு கனத்தது. ஆனால் வாயில் வந்தது இதுதான். “பிளானை மாத்திட்டேம்மா. நெட்டு வந்துருச்சு.”

பாத்திரச் சத்தம் நின்றது.

“நல்லதுண்ணே. இனிமே நீங்க எங்கயும் அலைய வேணாம். எதுன்னாலும் குரூப்புலயே போட்டுர்றேன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.