குடை யாருடையது, பேக் யாருடையது?

இன்று தெல்தோட்டை பஸ்ஸில், போனில் ஜப்பான் கார்ட்டூன் படம், அனிமே, பார்த்துக்கொண்டு வந்தேன். யாரோ விட்டுப்போன குடைக்குச் சொந்தக்காரரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேடுகிற, கொலையே இல்லாத துப்பறியும் கதை.

நின்றுகொண்டு வந்த யாரோ, வழக்கம்போல, என் மடியில் ஒரு பேக்கை வைத்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

பிறகு பக்கத்து சீட் காலியாகி, ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். போனை எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல அக்கா. அந்தக் குடை யாரோடதுன்னு தேடுறாங்க."

"அட, இதுக்கெல்லாம் ஒரு படமா!"

கலஹாவில் பாதிப் பஸ் இறங்கிவிட்டது. பேக் மட்டும் என் மடியிலேயே இருந்தது.

அக்கா அதை அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"கருவாடு. வாங்கினது பொம்பளதான். பராக்குப் பாக்குற ஆளு. இன்னைக்கு வீட்டுல நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறா."

முன்சீட், பின்சீட் எல்லாம் விசாரித்தார். கொண்டக்டரையும் விடவில்லை.

தன் இடம் வந்ததும் எழுந்தார். கையைப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். கடைசியாக என் மடியைப் பார்த்தார்.

பேக்கை மெதுவாக எடுத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தக் குடை யாரோடதாம்?"

கொலை இல்லாத கதையில் என்ன இருக்கிறது என்று இனி யாராவது கேளுங்கள், பார்ப்போம்.