கண்ணாடிமேல் ஒரு மஞ்சள் வட்டம்

எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும் ஓவியத்தின் கண்ணாடிமேல், வலப்புறக் கீழ்மூலையை ஒட்டி, மஞ்சள் மெழுகால் வரைந்த சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டிற்கு வருவோர் அதையும் ஓவியத்தின் பகுதியாகவே கொள்கின்றனர். அதனை இட்டவர், ஒரகடத்து மகிழுந்துத் தொழிற்சாலையில் என்னோடு பணியாற்றிய வண்ணப்பூச்சுப் பரிசோதகர்.

அங்கே எச்சரிக்கைப் பலகைகளையும் இயக்கக் கையேடுகளையும் தமிழாக்குவது என் பணி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருத்தல் வேண்டும். இரண்டு இருந்தால் எவருடைய விரலாவது போய்விடும். ஆண்டுக்கணக்கில் அவ்வாறு பொருளைக் கட்டிக்காத்தவனுக்கு, பொருளே கேட்காத ஒன்றை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆசை எழுந்தது. மறைமலை நகரில் சட்டமிட்ட படங்கள் விற்கும் கடையில் அதைக் கண்டேன்: உருவம் ஏதுமற்ற அருவ ஓவியம் ஒன்றின் அச்சுப்படி. நீலத்தின்மேல் செம்மையும் கருமையும் தெறித்து வழிந்திருந்தன. வாங்கிவிட்டேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் பிரஷ்ஷ உதறின மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளோ அதற்கு ஈடாக அருவிப் படமொன்றை மனத்தில் குறித்துவிட்டாள். எனக்கு இதைப் பிரிய மனமில்லை. பரிசோதகர் சொல்வதே முடிவு என இருவரும் ஒப்புக்கொண்டோம்.

பகல்முறைப் பணி முடிந்து சீருடையுடனே வந்தார். தொழிற்சாலையில் அவர் வழக்கம் இது: விளக்கு வரிசையின்கீழ் வண்டி வந்து நிற்கும், தலையைச் சாய்த்து, ஒளி தவழும் கோணத்தில் பார்ப்பார், பூச்சு வழிந்த இடத்தை, அவர்கள் பேச்சில் 'ரன்' என்பதை, சட்டைப்பையிலுள்ள மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவார். வட்டம் விழுந்த வண்டி பழுதுநீக்கப் போய்விடும், மறுபேச்சில்லை. எங்கள் கூடத்திலும் அவ்வாறே தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கை தானாகவே பென்சிலை எடுத்துக் கண்ணாடியில் வட்டமிட்டுவிட்டது.

"ஐயோ, இன்னா வேல பண்ணிட்டேன்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

"பாத்தீங்களா, அண்ணனே ரிஜெக்ட் பண்ணிட்டார்" என்றாள் மனைவி, என்னைப் பார்த்து. என் முகம் வாடிவிட்டது.

"அப்டி இல்லம்மா. இதுல எத்தினியோ ரன் கீது. எல்லாம் வரைஞ்ச ஆளு வேணும்னே வுட்டது. கை எங்க நின்னுச்சுன்னே தெரியுது. இந்த ஒண்ணு மட்டும் அவனுக்கே தெரியாம வழிஞ்சிருக்கு. மத்ததுல எதையும் நான் மார்க் பண்ண மாட்டேன்."

அவள் அருகே சென்றாள். வட்டத்துக்குள் மெல்லிய கருந்துளி ஒன்று கோணலாக இறங்கியிருந்தது. அதையும் மற்ற வழிசல்களையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை உயர்த்தியபோது, "துடைக்காதீங்கண்ணா, அப்புறம் எதுன்னு தெரியாமப் போயிடும்" என்று தடுத்தாள். அருவியைப் பற்றி அதன்பின் பேச்சே எழவில்லை.

இன்று நானும் பரிசோதகரும் ஓய்வுபெற்றுவிட்டோம்; அவர் மணிமங்கலத்தில் இருக்கிறார். கண்ணாடியைத் துடைக்கையில் என் மனைவியின் துணி அவ்வட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். சென்ற மாதம், கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த பரிசோதகர், பழையபடி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, மார்க் அப்டியே கீது? இன்னும் ரிப்பேருக்கு அனுப்பலியா?"

"இல்லண்ணா" என்றாள் அவள், காப்பியை நீட்டியபடி. "நான் பாஸ் பண்ணிட்டேன்."