அக்கிக்கு அடிச்ச மருந்து

எங்க ஹவுஸ் ஓனர் அம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் "என்ன இவ ஒரு பக்கமாவே எழுதுறா"ன்னு யாரும் கேக்கக்கூடாது. ஒரு பக்கமாத்தான் எழுதப்போறேன்.

பரவைக்குப் பக்கத்துல அவங்க வீட்டுக் கீழ்ப்போர்ஷன்ல நானும் எங்க வீட்டுக்காரரும் வாடகைக்கு இருக்கோம். மாடியில அவங்க. வீட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டு மண் தரை கிடக்கு. ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல்லு, சுவரோரமா தானா முளைச்ச எருக்கு. இதுக்காகத்தான் இந்த வீட்டையே பிடிச்சேன். கப்பலூர்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறவ நான். பஸ் ஏறுறதுக்கு முந்தி இருக்குற காலை நேரம் மட்டுந்தான் எனக்குச் சொந்தம். அப்ப பழைய கேமராவையும் மேக்ரோ லென்ஸையும் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போயிருவேன். வெயில் ஏறிருச்சுன்னா பூச்சிக நிக்காது. பனியில வெறைச்சுப் போய் உக்காந்திருக்கும்போதே, முட்டி போட்டு, மூச்சை அடக்கி எடுத்துரணும். "அதுகளுக்கெல்லாம் போட்டோ எடுத்து என்ன, மாப்பிள்ளை பாக்கப்போறியா?"ம்பாரு வீட்டுக்காரரு. அவருக்கு அது பெரிய ஜோக்கு.

போன மழைக்காலம் முடிஞ்ச சமயம், எலுமிச்சைக் கிளையில ஒரு கும்பிடுபூச்சி தலைகீழாத் தொங்கிக்கிட்டு முட்டை வச்சதைப் பாத்தேன். நுரை நுரையாத் தள்ளி அதுக்குள்ளயே முட்டையை வைக்கும். காஞ்சதும் அந்த நுரை ரஸ்க் துண்டு மாதிரி கெட்டியாயிரும். இந்த மாதிரிக் கூடு நான் எத்தனையோ பாத்திருக்கேன். ஆனா குஞ்சுக வெளிய வர்றதை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. எல்லாம் நான் கம்பெனியில உக்காந்திருக்கும்போதே பொரிச்சுப் போயிருக்கும். இந்தத் தடவை விடுறதா இல்ல. தெனமும் பல்லு வெளக்குறதுக்கு முந்தி அந்தக் கிளையைத்தான் போய்ப் பாப்பேன்.

வினை எங்க வீட்டுக்காரர் ரூபத்துல வந்துச்சு. அதே எலுமிச்சையில ஒரு தாவுற சிலந்தி. அரிசியில பாதி இருக்கும். அதை முகத்துக்கு நேரா ஒரு படம் எடுத்திருந்தேன். நெத்தியில வரிசையாக் கண்ணு, உடம்பெல்லாம் முடி, அம்சமா வந்திருந்துச்சு. என்னைக் கேலி பண்ற மனுசன், அதை எடுத்து எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாரு. "நம்ம வீட்டுப் பின்னாடி, நம்ம வீட்டம்மா எடுத்தது"ன்னு ஒரு பெருமை வேற. "யாத்தீ!"ன்னு ஒருத்தர். "அண்ணே, இது கரடியா?"ன்னு இன்னொருத்தர்.

அம்புட்டுத்தான். ஓனர் அம்மா விளக்கமாத்தோட எறங்கி வந்துட்டாங்க.

"ஏந்தாயி, எங்க இருக்கு அது?"

நல்ல மனசோட கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். எலுமிச்சை எலையில பொட்டு மாதிரி உக்காந்திருந்துச்சு. அவங்க குனிஞ்சு பாத்தாங்க, போனைப் பாத்தாங்க, மறுபடி குனிஞ்சாங்க.

"இது குட்டி. இதோட ஆத்தா எங்க?"

"அக்கா, இதேதான் அது. லென்ஸ்ல பெருசாத் தெரியுது."

"என்னைய கேணச்சின்னு நெனச்சியா? போட்டோவுல கண்ணு கோலிக்குண்டு கணக்கா இருக்கு. இதுக்குக் கண்ணே காணோம்!"

லென்ஸை அவங்ககிட்ட நீட்டி, எப்படிப் பாக்கணும்னு சொன்னேன். வாங்க மாட்டேன்னுட்டாங்க. பாத்துத் தொலைச்சிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காது.

அதோட விட்டிருப்பாங்களோ என்னமோ. ஆனா வளைகாப்பு முடிஞ்சு, பிரசவத்துக்குன்னு அவங்க மக வந்திருந்தா. வந்த வாரமே அந்தப் புள்ளைக்குக் கழுத்தோரம் கொப்புளம் கொப்புளமா அக்கி கண்டுருச்சு. எட்டுக்கால் பூச்சி மேல ஊர்ந்தா அக்கி வரும்னு எங்க பக்கம் சொல்லுவாக. மண்பானை செய்யுறவுக வீட்டுல போய், கொப்புளத்தைச் சுத்தி வைத்தியமாக் காவியில எழுதிக்கிட்டு வந்தாங்க. டாக்டர்கிட்டயும் காட்டுனாங்க. சின்ன வயசுல வந்த அம்மையோட கிருமி உடம்புக்குள்ளயே தங்கியிருந்து இப்ப கிளம்பியிருக்குன்னு அவரு சொன்னதை அந்தப் புள்ளைதான் எங்கிட்ட சொன்னா. ஆத்தாகாரி காதுல அது ஏறுனாத்தான?

"வாயும் வயிறுமா இருக்குற புள்ளை மேல நீ வளக்குற பூச்சி ஊர்ந்திருக்கு"ன்னு நடு வாசல்ல வச்சுக் கத்துனாங்க.

"நான் என்ன கோழியா வளக்குறேன்? அரிசியில பாதி இருக்குற சிலந்தி படியேறி மாடிக்கு வந்துச்சாக்கும்?"

"போட்டோவுலதான் பாத்தமே. அம்புட்டுப் பெருசுக்குப் படியேற எம்புட்டு நேரம் ஆகும்?"

தெருவுல பாதிச் சனம் அவங்க பக்கம். படம் எடுத்ததே நான், அதனால சாட்சியும் நானேன்னு ஆகிப்போச்சு. மருந்தடிச்சே ஆகணும்னு நின்னாங்க. நான் எறங்கி வந்தேன். "ஞாயித்துக்கிழமை அடிங்க. அதுக்கு முந்தி எலுமிச்சையில ஒரு கிளையை மட்டும் வெட்டி உள்ள வச்சுக்கிறேன்"னேன். எந்தப் பூச்சியையும் எடம் மாத்துறதில்லைங்கிறது என் கொள்கை. கொள்கையாவது ஒன்னாவது, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் விட்டுப் பாத்துட்டு, கூடு பொரிக்கலன்னா அந்தக் கிளையை வெட்டிரலாம்னு இருந்தேன். "சரி தாயி, ஞாயித்துக்கிழமையே ஆகட்டும்"னாங்க.

வியாழக்கிழமை வேலை முடிஞ்சு வந்து கேட்டைத் தொறக்கையிலயே நெடி மூக்குல ஏறிருச்சு. பின்னாடி ஓடுனேன். எலுமிச்சை, எருக்கு, சுவரு, துவைக்கிற கல்லு, ஒன்னு விடாம நனைச்சு வச்சிருந்தாங்க. வீட்டுக்காரரு டிவி முன்னாடி உக்காந்திருந்தாரு.

"ஓனர் அம்மா மருந்தோட வந்தாங்க, பின்பக்கக் கதவைத் தொறக்கச் சொன்னாங்க, தொறந்தேன். தண்ணி கேட்டாங்க, வாளியில குடுத்தேன்."

வாளி வேற குடுத்திருக்காரு மனுசன்! மாடிக்கு ஏறிப்போய், "ஞாயித்துக்கிழமைன்னு வாக்கு குடுத்தீங்களேக்கா?"ன்னு கேட்டேன்.

"நீ வீட்டுல இருந்தா அடிக்க விட்டிருப்பியா?"ன்னாங்க. மூஞ்சியில ஒரு கூச்சம் இல்ல.

அந்த நுரைக்கூடு ஊறிக் கருத்துப் போயிருந்துச்சு. போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாள் அந்தப் பக்கமே திரும்பல, கேமராவைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

சனிக்கிழமை காலையில துணி துவைக்கப் போனவ, எதேச்சையா நிமிந்தேன். கூட்டுல இருந்து குஞ்சுக எறங்கிக்கிட்டு இருந்துச்சு. கூட்டுக்குள்ள மருந்து போகல. ஒவ்வொன்னும் முடியை விட மெல்லிசான இழையில தொங்கி, காலைப் பிரிச்சு, கண்ணாடி நிறத்துல ஆடுச்சு. எறும்புப் பருமன்தான், ஆனா முகம் அப்படியே ஆத்தா முகம். ஆசை ஆசையாத்தான் பாத்தேன். முதல்ல எறங்குனது எலையில காலை வச்சுச்சு. ரெண்டு எட்டு நடந்து, மல்லாந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்துச்சு. அடுத்ததும் அப்படியே. அதுக்கப்புறம் வந்ததும் அப்படியே.

கேமரா ஞாபகமே வரல. அடுப்படிக்கு ஓடிப்போய் முறத்தை எடுத்துக்கிட்டு வந்து, குஞ்சுக எலையில படாம கீழ பிடிச்சேன். கூட்டு மேல இருந்த மருந்தைத் தேச்சுக்கிட்டுத்தான வெளிய வருதுக, அது புத்திக்கு எட்டல. முறத்துல விழுந்ததும் துடிச்சு அடங்குச்சு. நான் பிடிச்சுக்கிட்டே நின்னேன், அழுதுக்கிட்டே நின்னேன்.

கறிவேப்பிலை பறிக்க வந்த ஓனர் அம்மா முறத்தை எட்டிப் பாத்தாங்க. "யாத்தாடி, எம்புட்டு! அம்புட்டும் அந்தச் சிலந்தி போட்ட குஞ்சா? நல்லவேளை, பெருசாகுறதுக்குள்ள அடிச்சோம்."

என் வாயில ஒன்னு வந்துச்சு. குஞ்சைக் கொன்னவ வீட்டுல என்ன நடக்கணும்னு சொல்ற வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பத்தான் அவங்க மக சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே படியிறங்கி வந்தா. கழுத்துல காவி இன்னும் அழியல. முறத்துக்கு மேல குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தா.

"ஒன்னாச்சும் பொழைச்சிருக்காக்கா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா"ன்னேன்.

வாயில வந்ததை முழுங்கிட்டேன். அந்தப் புள்ளைக்காக முழுங்குனது அது. அவ ஆத்தாளை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல.