தவமணி எழுதிய இரண்டு பக்கங்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் மருத்துவமனையின் பழைய ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் தவமணியின் படம் வந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த படம். "நம் முன்னாள் மெக்கானிக், கடமை தவறாத ஊழியர், நேற்று காலமானார்" என்று கீழே ஒரு வரி. அனுப்பியவர் நிர்வாகி. கடமை தவறியவர் என்று எழுதி அவரை வேலையிலிருந்து அனுப்பிய அதே நிர்வாகி. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் எதுவும் போடவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை மத்தியானம் நெஞ்சுவலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். அருவங்காட்டிலிருந்து குன்னூருக்கு வரும் வழியில் எங்கள் மருத்துவமனைதான் முதலில் வரும். ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கியதும், "இங்க வேண்டாங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போங்க" என்று தவமணி சொல்லிவிட்டாராம். அங்கே போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் அந்த வாசலை அவர் ஏன் தாண்டிப் போனார் என்பது எனக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். அவர் வேலைக்குச் சேர வந்த அன்று வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு, "சார், கூட்டற வேலைக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றார். போய்ப் பார்த்தால் தோளில் ரெக்சின் பையோடு ஒரு பெண். பைக்குள் ஸ்பேனர்களும் கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டரும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து சேரங்கோட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவில் தன் வகுப்பில் இருந்த ஒரே பெண் இவர். வாட்ச்மேன் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. முகம் மாறவில்லை. "கூட்டறதுக்கும் தெரியுமுங்க சார். மொதல்ல ரத்தம் வெக்கிற ஃப்ரிட்ஜ் எங்கன்னு காட்டுங்க. அது போடற சத்தம் கேட் வரைக்கும் கேக்குது" என்றார். அன்று மாலைக்குள் சத்தம் நின்றது.

குன்னூரில் எதற்கு ஏசி என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் கட்டடம் பழைய பங்களா. மாடியில் தகரக் கூரை. இப்போதெல்லாம் ஏப்ரல் மாதப் பகலில் அறுவைச் சிகிச்சை முடிந்து அங்கே படுத்திருப்பவர்களின் கட்டுக்குள் வியர்வை இறங்கிவிடுகிறது. அந்த ஆறு அறைகளுக்கு ஏசி போடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஒரு கம்பெனிக்காரர் புது மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கமான ஜன்னல் ஏசி ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இது சின்னது. குதிரை முதுகில் சேணம் போல ஜன்னலின் அடிக்கட்டை மேல் உட்காரும். பாதி உள்ளே, பாதி வெளியே. அதற்கு மேல் ஜன்னல் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வெளிச்சமும் வரும். பார்த்துச் சொல்லும்படி நிர்வாகி தவமணியிடம் கொடுத்தார்.

நான் என்றால் விளம்பரத் தாளைப் படித்துவிட்டு எழுதியிருப்பேன். அவர் அதை மாடியில் ஓர் அறையில் மாட்டிப் பார்த்து, மூன்று நாள் அங்கேயே இருந்தார். நர்ஸ் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்து, "சத்தம் தொந்தரவா இருக்குதா? மூஞ்சிக்கு நேரா காத்து அடிக்குதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பனிமூட்டம் இறங்கிய ஒரு பிற்பகலில் கீழே பாதையில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"மெஷின் ரொம்ப நல்ல மெஷினுங்க சார். சத்தமில்ல, கரண்ட்டும் கம்மியாத்தான் இழுக்குது. குளிர்காலத்துல சூடும் குடுக்குது. நம்ம ஜன்னல்தான் சரியில்ல. காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் இது தண்ணியாக்கி வெளிய விடுது. நம்மூரு பனியில அந்தத் தண்ணி நிக்காமச் சொட்டுது. சொட்டறது பூரா அந்தப் பழைய மரத்து மேலதான். மெஷினோட கனமும் அது மேலதான்."

அதற்கு வழியும் அவரே சொன்னார். வெளிச்சுவரில் இரும்புத் தாங்கி அடித்து எடையை அதில் இறக்க வேண்டும். தண்ணீரைக் குழாய் வைத்துத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாட்டக் கூடாது. இதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, வாங்குவதை முடிவு செய்யும் கமிட்டிக்கு ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

நிர்வாகி அதைப் புரட்டக்கூட இல்லை. நான் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேணுமா வேண்டாமா, ஒரே பத்தியில எழுதுங்க. முன்பக்கச் சுவத்துல இரும்பும் குழாயும் தொங்கினா கட்டடத்தோட லட்சணம் என்னாகறது? அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் எழுதினேன். நல்லவை எல்லாம் அந்தப் பத்தியில் இருந்தன. பரிந்துரைக்கப்படுகிறது என்று முடித்தேன். தாங்கியும் குழாயும் அதில் இல்லை. கையெழுத்துக்கு நீட்டியபோது தவமணி, "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லி, படிக்காமலே போட்டார்.

தாங்கி இல்லாமல் மாட்டத் தொடங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"சார், நான் எழுதினது அதுல இருக்குதுங்களா?"

"இருக்கு தவமணி. ஒவ்வொண்ணா செய்வாங்க."

இப்படிச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பல பொய் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய்க்கும் இவ்வளவு குறைவாக யோசித்ததில்லை.

அவர் காத்திருக்கவில்லை. தானே கம்பி வாங்கி வந்து, ஒவ்வொரு ஏசியையும் உள்சுவரோடு இழுத்துக் கட்டினார். ஐந்து அறைகளில் கட்டினார். ஆறாவது அறையில் நோயாளி இருந்தார். அவருடைய உறவினர்கள், துளை போடும் சத்தம் ஆகாது என்று உள்ளே விடவில்லை. அவர் அறையைக் காலி செய்யும் நாளுக்காகத் தவமணி தினமும் வந்து கேட்டுப் போனார்.

ஆடி மழையில் ஒரு காலை, அந்த ஆறாவது ஜன்னலின் அடிக்கட்டை உளுத்து முறிந்தது. கீழே டோக்கனுக்கு நின்றிருந்த சரோஜா என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வலது தோளில் ஏசி விழுந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும்.

விசாரணையில் நிர்வாகி என் ஒரு பத்தியை மேசைமேல் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா நான் எழுதிக் குடுத்தது இது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தவமணி என்னைப் பார்த்தார். அந்த இரண்டு பக்கங்கள் என் மேசை டிராயரில் இருந்தன. ஓய்வுபெற எனக்கு ஏழு மாதம் பாக்கி. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"அஞ்சு ரூம்ல கம்பி கட்டியிருக்கீங்க. அப்ப ஆபத்துன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் மறைச்சிருக்கீங்க" என்றார் நிர்வாகி. ஐந்து அறைகளில் யார் தலையிலும் எதுவும் விழாமல் காத்த கம்பி, அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் எல்லா ஜன்னல்களுக்கும் இரும்புத் தாங்கி வந்தது, அவர் எழுதியிருந்த அதே அளவில். கட்டடத்தின் லட்சணம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். அந்த இரண்டு பக்கங்களையும் நிர்வாகியிடம் கொண்டுபோய் வைத்தேன். "முடிஞ்சுபோன விஷயம் சார், நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் அருவங்காட்டில் தவமணியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலைந்து பழைய ஃப்ரிட்ஜ்கள் ரிப்பேருக்கு நின்றன. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தார். மாதம் ஒரு முறை சரோஜாவைப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். போன முறை போயிருந்தபோது சரோஜா இடது கையால் தலை சீவப் பழகியிருந்தாராம்.

எல்லாவற்றையும் சொன்னேன். டிராயர், ஏழு மாதம், எல்லாம். கடைசியில், "என்னை மன்னிச்சிரு தவமணி" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க சார். எனக்கு அப்படித் தோணலீங்களே. தோணாததை எப்படீங்க சொல்றது? டீ ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய உழைப்பையும் பொறுமையையும் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பேசுங்கள், எல்லாம் உண்மைதான். நான் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மறுப்பு ஒன்றுதான். எதிரில் ஒரு கிழவன் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோதும், அவனுக்கு ஆறுதலாக இருக்குமே என்று தவமணி ஒரு பொய் சொல்லவில்லை. அவர் தராமல் போன மன்னிப்பை இனி யாரும் எனக்குத் தர முடியாது. அப்படியே இருக்கட்டும்.