கழுத்துக்கு வந்த சிவப்பு அட்டை

போன வாரம் ஒரு பெண்ணைப் பார்த்து வாயடைத்துப் போனேன். வாரா வாரம் உங்களிடம் வளவளவென்று பேசியே பிழைக்கிற ஆளுக்கு இது அபூர்வம்... அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கல்லூரி நண்பன் பாஸ்கர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். கார்களுக்கு வயரிங் செய்கிறார்கள். "சும்மா ஒரு நாள் வாடா, கேன்டீன் சாப்பாடு பிரமாதமா இருக்கும்" என்றான். சாப்பாடு என்றால் எனக்கு ஒரகடம் தாண்டியும் பக்கம்தான். போனேன்.

நீளமான ஹால். வரிசையாக இளம்பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பலகை, அதில் கலர் கலராக வயர்கள். விரல்களில் என்ன வேகம்! எனக்குச் சட்டைப் பொத்தான் போடவே அதைவிட நேரமாகும்.

தப்பான பீஸ் வந்தால் அதில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டித் தனியே வைக்க வேண்டும். என்ன குறை, யார் கண்டுபிடித்தது, அவர் கையெழுத்து - எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது' என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு.

அந்த லைனில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அது சுவரில் இல்லை. தப்பு செய்த பெண்ணின் கழுத்திலும் ஒரு சிவப்பு அட்டை! கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும்வரை கழற்றக் கூடாது. அன்று ஒரு பெண் அப்படித் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒத்துக்கொள்கிறேன் - நானும் சிரித்தேன்.

"ஒரு தமாசுக்குத்தான் சார். அப்பதான் அடுத்த வாட்டி கண்ண தொறந்துகினு வேலை செய்வாங்க" என்றார் சூப்பர்வைசர் ஏழுமலை. பிள்ளைப்பாக்கத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. வந்ததும் எனக்கு நாற்காலி தேடிப் போட்டவர்.

அதற்குள் இன்னொரு பீஸ் மாட்டியது. மஞ்சள் வயர் போக வேண்டிய இடத்தில் பச்சை. செய்தவள் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண். பத்தொன்பது வயது இருந்தால் அதிகம்.

"டிரெய்னிடா. இந்த மாசத்தோட டிரெய்னிங் முடியுது. ஏழுமலை நல்லபடியா எழுதிக் குடுத்தாதான் வேலை. இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்" என்று பாஸ்கர் என் காதில் சொன்னான்.

"இன்னாம்மா, கண்ணு எங்க கீது? இந்தா, மாட்டிக்கோ" - ஏழுமலை அட்டையை நீட்டினார்.

அவள் வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மாட்டிக்கொள்ளவில்லை.

"தப்பு என் மேலதான் சார். பீஸ்ல அட்டை மாட்டி என் பேரும் எழுதிட்டேன். பிரிச்சு சரி பண்ணியும் தந்திருதேன். இது எனக்குன்னா... இதுல ஒண்ணுமே எழுதலையே சார்? எங்கிட்ட என்ன குறைன்னு எழுதி, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க. மாட்டிக்கிடுதேன்."

குரல் உயரவில்லை. நக்கலும் இல்லை. நிஜமாகவே எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டாள்.

ஏழுமலை பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்னத்தை எழுதுவார்? ஒரு மனுஷியைக் குறையுள்ள பொருள் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட யாருக்குக் கை வரும்? அந்தத் தமாசுக்குக் கையெழுத்துப் போட முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கெல்லாம் உறைத்தது.

பேனாவை மூடிவிட்டார். "போம்மா... போய் வேலைய பாரு."

ஏற்கெனவே அட்டையோடு நின்றிருந்த பெண், தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

கோஷம் இல்லை, கண்ணீர் இல்லை, செய்த தப்பை மறைக்கவும் இல்லை. வேலையே போகலாம் என்ற நிலையில் ஒரு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வருகிறது? என் முதல் வேலையில் பத்திரிகை ஆசிரியர் என் கட்டுரையை எல்லோர் எதிரிலும் குப்பைக் கூடையில் போட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இளித்தேன்.

நேற்று பாஸ்கர் புதிதாக வாங்கிய செல்போனிலிருந்து கூப்பிட்டான். பேச்சியம்மாளின் டிரெய்னிங்கை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்களாம். காரணம், 'பணிவு போதாது'. மேனேஜர் நீ என்னடா செய்தாய் என்று கேட்டேன். "பேசிக்கிட்டிருக்கேன்" என்றான். பேசட்டும். அவள் வழக்கம்போல முதல் ஷிஃப்டுக்கு வந்து நிற்கிறாளாம். சிவப்பு அட்டைகள் இப்போது பீஸ்களில் மட்டும்தான் தொங்குகின்றனவாம்.

அன்று கிளம்புவதற்கு முன் அவளிடம் கேட்டேன், "பயமா இல்லையாம்மா?"

"பயம் இல்லாமலா சார்? காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சு. அதான் நகராம நின்னுட்டேன்."

கால் நடுங்கினால் ஓட வேண்டும் என்றுதான் இத்தனை வயது வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!